குளிர்பெட்டி தேவைப்படாத தடுப்பூசி

துபாயின் அல் குசைஸில் நம்மவர்கள் வீட்டுக்கு வீடு ஒரு தடுப்பூசி வைத்திருக்கிறார்கள். அதற்கு ஊசி கிடையாது, குளிர்பெட்டி தேவையில்லை, இன்சூரன்ஸ் கார்டை நீட்ட வேண்டாம். "எங்க பொண்ணு அப்படிப்பட்டவ இல்ல" என்று அப்பா ஒருமுறை சொல்லிவிட்டால் போதும், ஆயுள் முழுக்க எதிர்ப்புச் சக்தி. பக்கவிளைவுகள் உண்டுதான். அவை அப்பாவுக்கு வருவதில்லை.

பள்ளிக்கூட நர்ஸ் ஹெச்பிவி ஊசிக்குச் சம்மதப் படிவம் அனுப்புகிற வாரத்தில் இந்தச் சரக்குக்குக் கிராக்கி அதிகம். பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ஓர் அண்ணன் குரல் பதிவு போடுகிறார். "பதிமூணு வயசுப் புள்ளைக்கு இந்த ஊசி எதுக்குங்க? கல்யாணத்துக்கு அப்புறம் புருஷங்காரன் பாத்துக்குவான்." வரிசையாகக் கட்டைவிரல்கள். பாத்துக்குவான், சந்தேகமே வேண்டாம். அந்தப் பெண் நீங்கள் சொல்கிற மாதிரியே இருந்தால், அந்த வைரஸைக் கொண்டுவந்து சேர்க்கக்கூடியவன் அவன் ஒருவன்தானே!

அண்ணன் குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு இதே குசைஸில், ஒரு கட்டிலை மட்டும் வாடகைக்கு எடுக்கும் பெட்ஸ்பேஸில் பல வருடம் கிடந்தவர். அந்த வருடங்களைப் பற்றி அவருக்கு யாரும் படிவம் அனுப்பியதில்லை.

ஹெச்பிவி என்பது ஒற்றை வைரஸ் அல்ல, பெரிய குடும்பம். அதில் 16, 18 என்ற இரண்டு வகைகள் கருப்பை வாய்ப் புற்றுநோயில் சுமார் 70 சதவீதத்துக்குக் காரணம். 6, 11 என்ற இரண்டும் புற்று வைக்கிற ரகம் இல்லை; ஆனால் பிறப்புறுப்பில் வரும் மருக்களில் சுமார் 90 சதவீதம் அவற்றின் கைவரிசை. தோலோடு தோல் பட்டாலே தொற்றும், ஆணுறையும் முழுக் காவல் இல்லை. இந்த நான்கையும் தடுக்கும் ஊசி 2006-லேயே வந்துவிட்டது. ஏற்கெனவே வந்த தொற்றை அது விரட்டாது, வராமல்தான் தடுக்கும். அதனால்தான் 9 முதல் 14 வயதுக்குள் போடச் சொல்கிறார்கள். "இப்பவே எதுக்கு?" என்று கேட்கிறவர் பதிலையும் தானே சொல்லிவிடுகிறார்.

ஆஸ்திரேலியாக்காரன் நம்மைப் போல மானஸ்தன் இல்லை. 2007-ல் பள்ளிச் சிறுமிகளுக்கு இலவசமாகப் போட ஆரம்பித்தான், 26 வயதுவரை உள்ள பெண்களையும் கூப்பிட்டுப் போட்டான். அந்த வருடம் பாலியல் நல மருத்துவமனைகளுக்கு வந்த 21 வயதுக்குட்பட்ட பெண்களில் 11.5 சதவீதம் பேருக்கு மரு இருந்தது. 2011-ல் 0.85 சதவீதம். நாலே வருடம்! ஊசியே போடாத அதே வயதுப் பையன்களிடமும் 12.1 சதவீதம் 2.2 ஆக இறங்கியது. தொற்ற வைக்க ஆளில்லை, அவ்வளவுதான். ஊசித் திட்டத்துக்கு வெளியே இருந்த 30 வயதைத் தாண்டிய பெண்களிடம் அந்தச் சரிவு இல்லை.

புற்றுநோய் உருவாகப் பதினைந்து, இருபது வருடம் பிடிக்கும். மருவோ தொற்றிய சில மாதங்களில் தலைகாட்டிவிடும். அதனால் ஊசி வேலை செய்கிறது என்பதற்கு உலகத்துக்குக் கண்ணெதிரே கிடைத்த முதல் சாட்சி இந்த மருதான். நம்மிடையே அந்தச் சாட்சியைக் கூண்டில் ஏற்றவே விடமாட்டார்கள். தமிழ்ச் சங்க மருத்துவ முகாமில் புற்றுநோய் என்று பேசலாம். அது கௌரவமான நோய், மேடையில் குத்துவிளக்கு ஏற்றிப் பேசலாம். மரு என்றால் எங்கே வந்தது என்று சொல்ல வேண்டும், எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். விளக்கு ஏற்றிய கையால் அதை எப்படிச் சொல்வது?

சொல்லாததால் யார் வீட்டில் என்ன நடக்கிறது? கல்யாணமாகி ஆறு மாதம்கூட ஆகாத பெண். கணவன் விசாவில் வந்து, ஒரு பெட்ரூம் ஃபிளாட்டில் இன்னொரு குடும்பத்தோடு பங்கு வைத்து இருப்பவள். குளிக்கும்போது கையில் தட்டுப்படுகிறது, சின்னச் சின்னதாய், காலிஃபிளவர் நுனி மாதிரி. பாத்ரூமில் உட்கார்ந்து போனில் தேடிப் பார்த்து வெலவெலத்துப் போகிறாள். கிளினிக் ரிசப்ஷனில் "என்ன பிரச்னை?" என்று நாலு பேர் முன்னால் சத்தமாகக் கேட்கிறார்கள். சுட்டு எடுக்கிறார்கள், மறுபடி வருகிறது, மறுபடி சுடுகிறார்கள். ஊரிலிருந்து மாமியார் போனில் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று: "உனக்கு எப்படிம்மா இது வந்துச்சு?" மகனிடம் அந்தக் கேள்வி போகாது. ஆணுக்கு இதற்கென்று வழக்கமான பரிசோதனை எதுவும் கிடையாது என்பது அவனுடைய அதிர்ஷ்டம். பத்துப் பொருத்தமும் பார்த்துத்தான் கட்டிக்கொடுத்தார்கள். மாப்பிள்ளை சம்பளம், விசா, நட்சத்திரம் எல்லாம் விசாரித்தார்கள்.

"ஊசி போட்டா புள்ளைக்குத் தைரியம் வந்துடும், கெட்டுப்போயிடும்" என்று ஒரு கட்சி. இதையும் விடாமல் ஆராய்ந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 11, 12 வயதில் ஊசி போட்டவர்கள், போடாதவர்கள் என்று 1,398 சிறுமிகளின் மருத்துவப் பதிவுகளைச் சில வருடங்களுக்குப் பின்தொடர்ந்து, 2012-ல் வெளியிட்டார்கள். கர்ப்பம், பாலியல் நோய், கருத்தடை ஆலோசனை எதிலும் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. மகளின் ஒழுக்கம் ஒரு ஊசி முனையில் உடைந்துவிடும் என்று பயப்படுகிற அப்பாவுக்கு அவள்மீது இருக்கும் நம்பிக்கைதான் எத்தனை உறுதி!

இன்னொரு கட்சி, "ஆந்திராவுல செத்தாங்களே" என்று வரும். 2009-ல் அன்றைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வடோதராவிலும் சிறுமிகளுக்குப் போட்டுப் பார்த்தார்கள். ஏழு பேர் இறந்தார்கள். விசாரித்ததில் பாம்புக்கடி, நீரில் மூழ்கியது, பூச்சிமருந்து, மலேரியா என்றுதான் காரணங்கள் வந்தன. கொதிக்க வேண்டிய விஷயம் அங்கே வேறு இருந்தது. விடுதியில் தங்கிப் படித்த பழங்குடிப் பிள்ளைகளுக்குப் பெற்றோரைக் கேட்காமல் வார்டன்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். 2013-ல் நாடாளுமன்ற நிலைக்குழு அதைத்தான் கிழித்தது. ஏழைப் பிள்ளைகளின் சம்மதத்தைத் திருடிய அந்தக் கதையை நாம் மறந்துவிட்டோம், "ஊசி கொல்லும்" என்ற வதந்தியை மட்டும் பத்திரமாகப் பார்சல் கட்டி வளைகுடா வரை கொண்டுவந்துவிட்டோம்.

2010-ல் மத்திய அரசு இந்த ஊசி போடுவதைத் தடுத்து நிறுத்தியதில், தனியாக நடந்துகொண்டிருந்த இன்னொரு ஆய்வும் நின்றது. அதன் களங்களில் ஒன்று திண்டுக்கல் மாவட்டத்து அம்பிளிக்கை. ஆயிரக்கணக்கான சிறுமிகள் ஒரே ஒரு டோஸோடு நின்றுபோனார்கள். ஆய்வாளர்கள் அவர்களை விடாமல் பின்தொடர்ந்தார்கள். 16, 18 வகைகளின் நீடித்த தொற்றை ஒரு டோஸே சுமார் 95 சதவீதம் தடுக்கிறது என்று 2021-ல் தெரிந்தது. மறுவருடம் உலக சுகாதார நிறுவனம் ஒரு டோஸ் போதும் என்ற வழியைத் திறந்தது. அதற்கான சாட்சிகளில் நம்மூர்ப் பிள்ளைகளின் கைகளும் உண்டு. தமிழ்நாட்டு பட்ஜெட்டில் 14 வயதுச் சிறுமிகளுக்கு என்று 36 கோடி ரூபாய் ஒதுக்க 2025 மார்ச் வரை ஆனது. இலங்கை 2017-லேயே போட ஆரம்பித்துவிட்டது.

இங்கே, அரசு தாமதித்தது என்ற சாக்கும் இல்லை. அபுதாபி 2008-லேயே பள்ளிச் சிறுமிகளுக்குப் போட்டது. 2018-ல் அமீரகம் முழுவதற்கும் தடுப்பூசி அட்டவணையில் சேர்த்தார்கள். ஊசி பள்ளிக்கூடத்துக்கே வருகிறது. நம் பங்குக்கு ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். கஷ்டப்படுத்துவது அதுதான்.

2023-ல் பையன்களையும் அட்டவணையில் சேர்த்தார்கள். நம் குரல் பதிவு அண்ணனுக்கு ஒரு மகளும் ஒரு மகனும். மகளின் படிவத்தில் "வேண்டாம்" என்ற கட்டத்தில் டிக் போட்டவர், அடுத்த வருடம் மகனின் படிவம் வந்ததும் சோபாவில் சாய்ந்தபடியே கையெழுத்துப் போட்டார். அண்ணி கேட்டார், "அவளுக்கு வேணாம்னீங்களே?" அண்ணன் பேனாவை மூடிக்கொண்டே சொன்னார்: "பையன் நாளைக்கு நாலு இடத்துக்குப் போவான், வருவான். அவனுக்கு இல்லாம எப்படி?"