கட்டிங் துயிலும் கும்பகர்ணன் முறையும்

"ஒரு கட்டிங் போட்டா நல்லா தூக்கம் வரும்" என்னும் கோட்பாட்டின் மூல ஆசிரியர் யார் என்று தெரியவில்லை. உரையாசிரியர்கள் தெருவுக்கு நால்வர் இருக்கிறார்கள். பாடபேதங்களும் உண்டு. மூட்டை தூக்குவோர் மரபில் அது 'உடம்பு வலிக்கு' எனத் தொடங்கும். அலுவலக மரபில் 'டென்ஷனுக்கு' என்றும், கல்யாண வீட்டு மரபில் 'மச்சான் விடலை' என்றும் தொடங்கும். எங்கே தொடங்கினாலும் எல்லாப் பாடங்களும் தூக்கத்தில்தான் வந்து முடிகின்றன.

கோட்பாட்டின் முற்பகுதி பிழையில்லை. மூளையில் காபா என்று ஒரு வேதிப்பொருள் நரம்புகளை அடக்கி உட்கார வைக்கிறது. குளுட்டமேட் என்று இன்னொன்று அவற்றைக் கிளப்பிவிடுகிறது. மது முன்னதற்குக் கைகொடுத்துப் பின்னதன் வாயை அடைக்கிறது. ஆகவே குடித்தவர் படுத்ததும் உறங்குகிறார். முன்னிரவில் ஆழ்ந்த உறக்கம் வழக்கத்தைவிடக் கூடுதலாகவும் வரலாம். உரையாசிரியர்கள் இந்த இடத்தில் சுவடியைக் கட்டி வைத்துவிடுகிறார்கள். ஆனால் சுவடிக்கு இரண்டாம் பாகம் உண்டு. அது நள்ளிரவுக்குப் பிறகு தொடங்குவதால் அவர்கள் அதைத் தெளிவான நிலையில் படித்ததில்லை.

முன்னோர் இதை அறியாதவர்கள் அல்லர். வள்ளுவர் கள்ளுண்ணாமை அதிகாரத்தின் 926ஆம் குறளில் உறங்குபவரையும் குடிப்பவரையும் ஒருசேரக் கொண்டுவருகிறார். முன்னவரைச் செத்தாரோடும் பின்னவரை நஞ்சுண்டாரோடும் ஒப்பிடுகிறார். பலரும் கவனிக்கத் தவறியது, அவர் இருவரையும் வெவ்வேறு அடிகளில் படுக்க வைத்திருப்பதை. குடித்தவர் பக்கத்தில் படுத்தால் என்ன நேரும் என்பதை அறிந்தவரே இப்படிப் பிரித்திருக்க முடியும் என்பது என் துணிபு. மறுப்போர் ஓர் இரவு சோதித்துப் பார்க்கலாம்.

கம்பன் இன்னும் ஒருபடி மேலே போகிறான். துயில் துறையின் தலைமகனாகிய கும்பகர்ணன், 600 வண்டிச் சோற்றோடு நூறு நூறு குடம் கள்ளையும் உள்ளே தள்ளுகிறான். எப்போது? அரும்பாடுபட்டு அவனை எழுப்பிய பிறகு. தூங்குவதற்காக அவன் ஒரு குடமும் தொட்டதாக அந்த இடத்தில் செய்தி இல்லை. குடிக்கும் படுக்கைக்கும் இடையே எவ்வளவு நேரம் விட முடியுமோ அவ்வளவும் விடுங்கள் என்று மருத்துவர்கள் இன்று சொல்வதை இதைவிடக் கண்டிப்பாகக் கடைப்பிடித்தவர் இலக்கியத்தில் இல்லை. அதன்பின் அவன் போருக்குப் போய்த் திரும்பவில்லை என்பது வேறு துறையினரின் ஆய்வுப் பொருள்.

இனி கணக்கு. குவாட்டர் என்பது 180 மில்லி. பாட்டிலில் அச்சிட்டபடி அதில் 42.8 சதவீதம் சாராயம். அதாவது 77 மில்லி. எடையில் சுமார் 61 கிராம். சராசரி உடம்பின் ஈரல் மணிக்கு 7 முதல் 10 கிராம் வரை எரிக்கும். அதற்கு அவசரம் கிடையாது, ஓவர்டைமும் கிடையாது; மோர் குடித்தாலும் எலுமிச்சை பிழிந்தாலும் தலையில் தண்ணீர் ஊற்றினாலும் அதே வேகம்தான். எனவே ஒரு குவாட்டர் முழுதாகத் தீர 6 மணி நேரத்துக்குக் குறையாது. 8 மணி நேரம் தாண்டினாலும் வியப்பில்லை. அதில் பாதியான கட்டிங்குக்கு 3, 4 மணி நேரம். "பீரெல்லாம் ஒரு சரக்கா" என்னும் உட்பிரிவினரும் இருக்கிறார்கள். அவர்கள் கையிலுள்ள 650 மில்லி ஸ்ட்ராங் பீர் 8 சதவீதமானால் அதில் 41 கிராம் இருக்கிறது. கட்டிங்கைக் கேவலமாகப் பார்க்கும் தகுதி அதற்கு உண்டு.

டாஸ்மாக் கடை இரவு 10 மணிக்கு மூடுகிறது. மூடும் நேரத்தில் அவசரமாக இறக்கிய கட்டிங், ஒரு மணிக்கும் இரண்டு மணிக்கும் இடையே உடம்பை விட்டு விடைபெறுகிறது. அதுவரை வாயடைக்கப்பட்டிருந்த குளுட்டமேட் அப்போது மொத்தமாகப் பேசத் தொடங்குகிறது. 1953இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் உறங்குவோரின் இமைக்குள் கண்கள் விரைந்து ஓடும் ஒரு கட்டம் உண்டென்று அறிவித்தார்கள். தெளிவான கனவுகள் பெரும்பாலும் அப்போதுதான் வரும். மது முன்னிரவில் இந்தக் கட்டத்தை அமுக்கி வைக்கிறது. அமுங்கியது பின்னிரவில் பீறிட்டுக் கிளம்புகிறது. பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சைக்கு வேட்டி இல்லாமல் போய் நிற்கும் கனவு இந்த வேளைக்குரியது.

இத்துடன் சிறுநீரகத்தில் நீரைத் திருப்பிப் பிடித்து வைக்கும் வாசோபிரெசின் என்னும் ஹார்மோனையும் மது தடுத்துவிடுகிறது. குடித்தது கால் லிட்டர்தான், போவது எப்படி இவ்வளவு என்று இருட்டில் செருப்பைத் தேடுகிறவர் வியப்பதற்கு விடை இதுவே. திரும்பி வந்து செம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு மோட்டுவளையைப் பார்த்துப் படுத்திருப்பார். இருபது வருடத்துக்கு முன் பங்காளி சொன்ன ஒரு சொல் அப்போதுதான் சுருக்கென்று தைக்கும். போன் போட்டுக் கேட்டுவிடுவது நல்லது என்றும் தோன்றும்.

இதுவரை வந்த ஆய்வுகள் குடித்தவரின் தூக்கத்தை அளந்தே காலம் கழித்திருக்கின்றன. என் கருத்தில் அளக்க வேண்டிய ஆள் அவரல்லர். மது நாக்கையும் தொண்டையையும் நிமிர்த்திப் பிடிக்கும் தசைகளைத் தளர்த்துகிறது. காற்றுப் பாதை குறுகிக் குறட்டை கிளம்புகிறது. மூச்சடைப்பு நோய் இருந்தால் இடையிடையே மூச்சே நின்று தொடரும். குறட்டையைவிட அந்த இடைவெளிதான் பக்கத்தில் படுத்திருப்பவரை உட்கார வைக்கிறது. மனைவி உட்கார்ந்திருக்கிறார், பாப்பா அழுகிறது, திண்ணையில் மாமியார் "கதவைச் சாத்தும்மா" என்கிறார், தெருநாய் பதில் குறட்டை தேடிக் குரைக்கிறது. ஒருவர் குடித்து நால்வர் விழித்திருக்கும் மருந்தை அந்த ஒருவரின் தூக்க மருந்தென்று வகைப்படுத்தியதில் அடிப்படைக் குழப்பம் இருக்கிறது.

மட்டையாதல் தனி இயல். உலுக்கினால் எழாத, மூச்சு ஒழுங்காக வராத மட்டையைத் துயிலில் சேர்க்கக்கூடாது; ஒருக்களித்துப் படுக்க வைத்து 108க்கு அழைப்பதே முறை. நாற்காலி முதுகில் கையைத் தொங்கவிட்டபடி மட்டையானவர், மேற்கை நரம்பு அழுந்திப்போய், காலையில் மணிக்கட்டைத் தூக்க முடியாமல் விழிப்பதுண்டு. மருத்துவம் இதைச் சனிக்கிழமை இரவு வாதம் என்கிறது. கிழமை பார்த்து வரும் நோய் என்பதால் சோதிடர்களும் ஆராயலாம்.

தொடர்ந்து சில இரவுகள் குடித்தால் சீக்கிரம் தூங்கவைக்கும் குணம் மங்குகிறது. பின்னிரவைக் கெடுக்கும் குணம் அப்படி எளிதில் மங்குவதில்லை. கட்டிங் குவாட்டராகிறது, குவாட்டர் ஆஃப் ஆகிறது. ஒருநாள் நிறுத்திப் பார்த்தால் தூக்கம் வராது. "பாத்தியா, இல்லாம தூக்கம் வரலை" என்று கோட்பாடு தன்னைத்தானே நிறுவிக்கொள்கிறது. இவ்வளவு சிக்கனமான நிறுவல் முறை தர்க்க நூல்களில் அபூர்வம்.

காலையில் பாதிக்கப்பட்டவர் கண் சிவந்து, நெஞ்செரிச்சலோடு எழுந்து வழங்கும் தீர்ப்பு எல்லா வட்டாரங்களிலும் ஒன்றே: "நேத்து சைட் டிஷ் சரியில்லை." வாதி தரப்பை விசாரித்தாகிவிட்டது. இரைப்பையின் மேல்வாய்த் தசையைத் தளர்த்தி அமிலத்தை மேலேற விட்டது சரக்கு. அவித்த முட்டை அப்போது வயிற்றில் சும்மா கிடந்தது.