இடக்கைக்குத் தெரியாமல்

தருமம் செய்யும்போது வலக்கை செய்வது இடக்கைக்குத் தெரியக்கூடாது என்கிறது மத்தேயு 6ஆம் அதிகாரம். செல்போன் இல்லாத காலத்துப் போதனை. இப்போது கேக் ஊட்டுவது வலக்கை என்றால் செல்ஃபி எடுப்பது யாராம்?

டிசம்பர் பிறந்தால் நம்மூர் முதியோர் இல்லங்களுக்கு ஏகக் கிராக்கி. காலையில் ஒரு சபையின் வாலிபர் கூட்டம், மதியம் ஒரு வங்கி ஊழியர்கள், மாலையில் வட்டச் செயலாளர். கேக்கைவிட ஃபிளெக்ஸ் பெரியது. சர்க்கரை வியாதிக்காரப் பாட்டியின் வாயருகே ஐசிங் துண்டு போகிறது. “பாட்டிமா, இங்க பாருங்க, இன்னொரு தடவை” என்கிறார் போட்டோகிராபர். பழகிப்போன பாட்டி, கேமரா பக்கம் திரும்பியே வாயைத் திறக்கிறார். ஒரே நாளில் மூன்று பிரியாணி வேறு. பிப்ரவரியில் ரசம் சாதம்தான். அந்த மாதத்தில் எந்த ரட்சகரும் பிறக்கவில்லையே!

நாகர்கோவில் பக்கம் கிறிஸ்துமஸுக்கு முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் பக்கத்து வீடுகளுக்குத் தட்டில் போகும். பேனர் கிடையாது, மாலை மரியாதை கிடையாது. “சிறுபயறு நல்லா வறுபடல, கருப்பட்டியும் கம்மி” என்ற விமர்சனம் மட்டும் மறுநாள் காலை மதில் தாண்டி வந்துவிடும்.