தூங்குகிறவன் வீட்டில் ராபரி கிடையாது

ஞாயிற்றுக்கிழமை மட்டன் குழம்புக்குப் பின் வரும் தூக்கத்தில் இடி விழுந்தாலும் எனக்குத் தெரியாது. அன்று வியர்த்துக் கொட்டித்தான் விழித்தேன். தலைமாட்டில் ஓடிக்கொண்டிருந்த டேபிள் ஃபேனைக் காணோம். ஸ்விட்சை அணைத்துவிட்டுப் பிளக்கைப் பிடுங்கியிருக்கிறான், பொறுப்பானவன். செல்போனும் இரண்டு குத்துவிளக்கும் கூடவே போயிருந்தன.

இங்கிலீஷில் சொன்னால் எடுபடும் என்று, ஸ்டேஷனில் “எங்க வீட்ல ராபரி சார்” என்றேன்.

ஏட்டையா நிமிர்ந்து உட்கார்ந்தார். “கத்தியா, அரிவாளா? கட்டிப் போட்டாங்களா?”

“இல்ல சார், தூங்கிட்டிருந்தேன்.”

“அப்புறம் என்ன ராபரி? அடிக்கணும், மிரட்டணும், இல்ல மடக்கி நிறுத்தணும். அஞ்சு பேரா வந்தா டெக்காய்ட்டி.”

நான் விடவில்லை. “அப்ப பர்க்ளரி?”

“கதவை உடைச்சானா?”

“திறந்துதான் கிடந்தது.”

“ராத்திரியா?”

“மத்தியானம் ரெண்டரை.”

பழைய இங்கிலாந்துச் சட்டப்படி, இருட்டிய பிறகு வீட்டை உடைத்து உள்ளே போனால்தான் பர்க்ளரி. நம் ஊரில் கன்னக்கோலால் சுவரில் ஓட்டை போட்டு நுழைந்தவர்கள் அந்த ஜாதி. ராபரிக்கு ஆள் நடுங்க வேண்டும், பர்க்ளரிக்குக் கதவு உடைய வேண்டும். எங்கள் வீட்டில் ஆளும் நடுங்கவில்லை, கதவும் உடையவில்லை. வெறும் திருட்டு.

வீடு புகுந்து திருடினால் பாரதிய நியாய சன்ஹிதா 305-இன்படி 7 ஆண்டு வரை சிறை. ராபரி என்றால் 309-இன்படி 10 ஆண்டு வரை. நான் விழித்து, அவன் கத்தியைக் காட்டியிருந்தால் ராபரி ஆகியிருக்கும். ஆக, என் குறட்டை அவனுக்கு 3 ஆண்டு மிச்சம் பிடித்துக் கொடுத்திருக்கிறது. “நீங்க முழிச்சிருந்தா பீரோ சாவியையும் எடுத்துக் கொடுத்திருப்பீங்க” என்பது வீட்டம்மாவின் சட்டக் கருத்து.

“நாய் இல்லையா?” என்றார் ஏட்டையா.

“இருக்கு சார். பிஸ்கட் போட்டிருப்பான் போல. தெருமுனை வரைக்கும் அவன் பின்னாடியே போச்சுன்னு பெட்டிக்கடைக்காரர் சொன்னார்.”

1860-இல் வந்த தண்டனைச் சட்டத்திலேயே இதற்கு ஓர் உதாரணம் உண்டு. அடுத்தவர் நாயைக் கடத்தும் எண்ணத்தோடு ஒருவன் சட்டைப்பையில் தீனி வைத்துக்கொண்டு நடக்கிறான். நாய் பின்தொடர ஆரம்பித்த நொடியே திருட்டு முடிந்துவிட்டது.

“அப்ப களவு போன லிஸ்ட்ல நாயையும் சேர்க்கவா?”

“அது திரும்பி வந்துடுச்சு சார். முதல்ல ஃபேனை எழுதுங்க.”