அமைதியின் திருவுருவமாம், நம்ம அத்தான்!

வா பேராண்டி, உட்காரு. பார்த்து உட்காரு, கயித்துக்கட்டிலு. உங்க ஆபீஸ்ல இருக்கிற சுத்துற நாற்காலி இல்லை. எழுதிக் கொண்டாந்த பேப்பரை இன்னொரு தரம் வாசி, கேப்போம்.

"அன்பின் இமயம், பண்பின் சிகரம், அமைதியின் திருவுருவம்."

மலை வரைக்கும் போயிட்டியாக்கும். உங்க தாத்தா ஏறின மலை கழுகுமலை ஒண்ணுதான், அதுவும் பாதி. பாண்டியர் காலத்துச் சிற்பி வெட்டுவான் கோயிலைப் பாதியில விட்டுட்டுப் போனானா, அதைப் பார்க்கப் போன அத்தானும் பாதியிலயே விட்டுட்டாரு. எதிர்க்க இறங்கி வந்த ஆளோட பேச்சுக் கொடுத்தவரு, அந்தப் பேச்சு முடியலைன்னு அவனோடயே கீழே இறங்கி டீக்கடைக்குப் போயிட்டாரு. அவரைப் போயி அமைதின்னு எழுதுற. ஊர்க்காரன் இதைப் படிச்சா செத்தது வேற யாரோன்னு எண்ணிக்கிட்டு, பதினாறாம் நாள் காரியத்துக்கு வராமலே இருந்துருவான். அப்புறம் ஆக்கி வச்ச சோத்தை நீயும் நானும்தான் திங்கணும்.

ஃப்ளெக்ஸைக் காட்டு. அடேயப்பா! மேல் மூலையில தீப்பெட்டி லேபிள் அளவுக்கு அத்தான். மிச்ச இடம் பூரா துயரத்தில் வாடுறவங்க. கூலிங் கிளாஸ் போட்டு வாடுறான் உங்க மாமன். செல்போனைக் காதுல வச்சு வாடுறான் சித்தப்பன். கடைசி வரிசையில பைக் மேல சாய்ஞ்சு வாடுறது யாருடா? தெரியலையா? சரி, யாரோ. உயிரோட இருக்கிறவங்க படத்தைப் பேனர்ல போடக் கூடாதுன்னு 2017-ல ஹைகோர்ட்டு ஒரு உத்தரவு போட்டுச்சு. அது அப்புறம் நிக்கலை. நின்னிருந்தா இதுல அத்தான் ஒருத்தரு மட்டும் பெருசா உட்கார்ந்திருப்பாரு.

அடுத்த வரி என்ன? "குடும்பத்துக்காகவே வாழ்ந்தவர்." இதை மட்டும் உங்க ஆச்சி காதுல விழாமப் பார்த்துக்க. அவளுக்குப் பொறந்த வீட்டுக் கோடி போட்டவன் நான். இப்படி ஒரு பொய்யை அவ தலைமேல எழுதி ஒட்ட விடமாட்டேன். காலையில ஏழு மணிக்குக் கறிவேப்பிலை வாங்கிட்டு வாங்கன்னு அனுப்புவா. மத்தியானம் கையை வீசிக்கிட்டு வருவாரு. கறிவேப்பிலை இருக்காது. பசுவந்தனை ரோட்டுல எவன் மகனுக்கோ பொண்ணு பேசி முடிச்சுட்டு, அந்தச் சந்தோஷத்துல சாப்பாட்டுக்கு ரெண்டு ஆளையும் கூட்டியாந்திருப்பாரு. எங்க அக்கா அம்பது வருஷமாக் கறிவேப்பிலை போடாத குழம்புதான் வச்சா. அதுக்கும் "உங்க வீட்டுக் குழம்பே தனி"ன்னு வந்தவன் புகழ்ந்துட்டுப் போவான்.

மதுரையில ரயில் ஏறினா ஜன்னல் சீட்டு அவருக்கு ஆகாது. ஒரு பக்கம்தானே பேச ஆளு கிடைக்கும்? நடு சீட்டுலதான் உட்காருவாரு. பேரு கேக்கமாட்டாரு. "சாப்பிட்டாச்சா"ன்னு ஆரம்பிப்பாரு. அடுத்தாப்புல "எந்த ஊரு, எந்தத் தெரு?" நம்ம சீமையில எந்தத் தெருன்னு கேக்குறவன் என்னத்தைத் தோண்டுறான்னு உனக்குத் தெரியாதா? ஆனா அத்தான் கேட்டது நெசமாவே தெருவை. அந்தத் தெருவுல தனக்கு யாரும் ஆளு இருக்கா, இல்லேன்னா இனிமே இவன்தானான்னு பார்க்கத்தான். திருமங்கலம் தாண்டுறதுக்குள்ள அவன் வீட்டு வில்லங்கம் பூரா வெளிய வந்துரும். சாத்தூர்ல வெள்ளரிப்பிஞ்சு வாங்கும்போது அவனுக்கும் சேர்த்து இவரு காசு கொடுப்பாரு. கோவில்பட்டி வந்ததும் திருநெல்வேலிக்கு டிக்கெட் எடுத்தவனையும் கையைப் பிடிச்சு இறக்கிருவாரு. அப்படி இறங்கின ஒருத்தன் உங்க வீட்டுத் திண்ணையில ரெண்டு நாள் தங்கினான். உங்க பெரிய அத்தைக்கு மாப்பிள்ளை கொண்டாந்தது அந்த ஆளுதான். உங்க அத்தையும் மாமனும் சண்டை போடும்போதெல்லாம் தெற்கு ரயில்வேயைத் திட்டுறது அதனாலதான்.

காமராஜர் கதையைச் சேர்த்திருக்கியா? சேரு. ஆனா எந்தக் காமராஜர் கதைங்கிறதுல கவனம். அவரு சாத்தூர்ல 1957-லயும் நின்னாரு, 1962-லயும் நின்னாரு. ஓட்டு கேட்டு வந்தவருக்கு நம்ம அத்தான் செம்புல தண்ணி கொடுத்தாருங்கிறது பழைய கதை. கொஞ்ச வருஷத்துல அது மோராச்சு. உங்க அப்பன் கல்யாணத்துக்குள்ள பானகமாயிருச்சு. கடைசிக் காலத்துல, "தம்பி, நீ என்ன சொல்ற?"ன்னு காமராஜரே இவருகிட்ட யோசனை கேட்டுட்டுப் போனாரு. அப்ப அத்தானுக்கு டவுசர் வயசு. காருகுறிச்சி அருணாசலம் நாயன வாசிப்பை நேர்ல கேட்டதாவும் சொல்லுவாரு. காருகுறிச்சியார் போனது 1964-ல. அத்தானுக்கு அப்ப இருபது வயசு இருக்கும், கேட்டிருக்கலாம். கச்சேரி நடுவுல சீவாளியை எடுத்துக் கொடுத்ததே தான்தாங்கிறதை மட்டும் நான் நம்பலை. நீ எல்லாத்தையும் அப்படியே எழுது. கூகுள்ல தேடித் திருத்திப்புடாத. திருத்தினேன்னா மிஞ்சுறது ஆதார் கார்டு மட்டும்தான்.

ஜாமீன் கதையையும் விடாத. யாரோ ஒருத்தனுக்குக் கையெழுத்துப் போட்டு ரெண்டு ஏக்கர் கரிசக்காடு போச்சுல்ல, அது. "நல்ல மனுஷன்"னு மட்டும் எழுதினா எங்க அக்காவுக்கே கோவம் வரும். அந்தக் காட்டுல பருத்தி எடுத்தவ அவ. போனவருக்காக அழுதாளே, அதுல அந்த ரெண்டு ஏக்கருக்கும் கொஞ்சம் உண்டு.

இன்னொண்ணு. வீடியோ எடுக்கேன்னு வீட்டாளுக வாயில மைக்கை நீட்டிக்கிட்டு அலையாத. அவரு வீட்டுல இருந்திருந்தாத்தானே வீட்டாளுக்கு அவரைத் தெரியும்? பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்குப் போ. பாக்கி இருக்கும், கேள்வி கேக்குறதுக்கு முன்னாடி அதைக் கொடுத்துரு. எட்டயபுரம் சனிக்கிழமைச் சந்தையில ஆட்டுத் தரகருக யாரை வேணும்னாலும் கேளு. ஒரு ஆடு வாங்கினதில்லை, வித்ததில்லை. வாரந்தவறாமப் போய் நின்னிருக்காரு. எதுக்குன்னு கேட்டா, "அங்க நாலு பேரு வருவாங்கல்ல"ம்பாரு.

எல்லாத்துக்கும் முன்னாடி உங்க அப்பன் கல்யாண மொய் நோட்டை எடு. இரும்புப் பெட்டியில ஆச்சி கூரைச்சேலைக்கு அடியில கிடக்கு. பிள்ளையார் சுழி, மூலையில மஞ்சள், ஊர் வாரியாக் கணக்கு: கடலையூர், இளையரசனேந்தல், நாலாட்டின்புதூர், கயத்தாறு. 11, 21, 51. அதையெல்லாம் எழுதினது கணக்கப்பிள்ளை. ஓரத்துல சிவப்புப் பேனாவுல கிறுக்கியிருக்கு பாரு, அதுதான் உங்க தாத்தா. "இவர் மூத்த மகளுக்கு வரன் பார்க்கணும்." "பல்வலி என்றார், விசாரிக்க." ஒரு பக்கத்துல, "51 என்று சத்தமாகச் சொன்னார், வைத்தது 21. அப்படியே இருக்கட்டும்." அந்த 21-காரன் மகன் கல்யாணத்துக்கு அத்தானோட நானும் போயிருந்தேன். 101 எழுதினாரு. நான் முழங்கையால இடிச்சேன். "பாவம் மாப்ளே, அவன் சத்தமாச் சொல்லிட்டான்லா"ன்னாரு.

இந்த நோட்டுக்குள்ளயே ஒரு பத்திரிகை செருகியிருக்கும். விருதுநகர்ல ஆவணியில கல்யாணம். ரயில்ல பிடிச்ச சிநேகிதம்தான், வேற என்ன? கண்டிப்பா வர்றேன்னு வாக்குக் கொடுத்திருக்காரு. அந்த வாக்குக்கு இப்ப நீ போற. லீவு இல்லைங்கிற பேச்சை உங்க மேனேஜர்கிட்ட வச்சுக்க. மொய் எவ்வளவுன்னு என்னைக் கேக்காத, சிவப்பு மசியைப் படி. கூட்டத்துல யாரையும் தெரியலைன்னு செல்லை நோண்டிக்கிட்டு நிக்காத. பந்தியில பக்கத்து இலைக்காரனைச் சாப்பிட்டாச்சான்னு கேளு. "பார்த்தாத் தெரியலையா"ம்பான். அப்புறம் அவனே பேசுவான்.

வரும்போது சாத்தூர்ல இறங்கி எனக்கு ஒரு கிலோ காராச்சேவு வாங்கிக்க. பல்லு இல்லாத கிழவனுக்கு எதுக்குன்னு உங்க ஆச்சி கேப்பா. காரியத்துக்கு வந்த ஆளுகளுக்குன்னு சொல்லிரு.