ஆகஸ்ட் மாதத்துச் சென்னைக்காரர்கள்

ஆகஸ்ட் பிறந்துவிட்டால் சென்னையில் ஒரு கூட்டத்துக்கு ஊர்ப்பாசம் பொங்கிவிடும். பதினோரு மாதம் இந்த ஊரின் வெயிலை, தண்ணீரை, கொசுவை, ஆட்டோக்காரரைத் திட்டித் தீர்த்தவர்கள் கைத்தறிச் சட்டையும் துணிப்பையுமாக விடியற்காலையில் பாரம்பரிய நடைக்காக மயிலாப்பூர் மாடவீதியில் கூடிவிடுவார்கள். 1639 ஆகஸ்ட் 22 அன்று கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் கடலோரத்தில் ஒரு துண்டு மணலை எழுதி வாங்கினான். அதுதான் ஊரின் பிறந்தநாளாம். மயிலாப்பூரும் திருவல்லிக்கேணியும் திருவொற்றியூரும் அதற்குப் பல நூறு வருஷம் முன்பே இருந்ததைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. பத்திரம் எழுதிய நாளைப் பிறந்தநாளாகக் கொண்டாடுகிற ஊர் ரியல் எஸ்டேட்டில் முன்னேறாமல் வேறு எதில் முன்னேறும்?

இடுப்பில் சின்ன ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு வழிகாட்டி முன்னே நடக்க, கூட்டம் பின்னே போகிறது. ஒருவர் திண்ணைத் தூணைத் தடவிப் பார்க்கிறார். "இந்த வழியா எத்தனை தடவை போயிருக்கேன், கவனிச்சதே இல்லையே!" என்று ஒரு அம்மா உருகுகிறார். முடிவில் நெய் ரோஸ்ட், டிகிரி காபி. சொந்த ஊரைச் சுற்றுலாப் பயணியின் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது இவர்களுடைய கொள்கை. வசதியான கொள்கைதான். சுற்றுலாப் பயணிக்கு எந்த ஊரிலும் பொறுப்பு கிடையாது. பார்க்கலாம், படம் எடுக்கலாம், சாப்பிடலாம், கிளம்பலாம்.

படம் எடுக்க மாநகராட்சியின் ரிப்பன் மாளிகையைப் போல ஒரு கட்டடம் கிடையாது. 1913-இல் திறந்தது, வெள்ளை வெளேரென்று நிற்கும், உச்சியில் கடிகாரம். கடிகாரத்தைப் பற்றி ஸ்பீக்கரில் நிறையச் சொல்வார்கள். 2025 ஆகஸ்டில் அந்தக் கடிகாரத்துக்குக் கீழே என்ன நடந்தது என்பது மட்டும் வராது. ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களில் குப்பை அள்ளும் வேலையைத் தனியாருக்குக் கொடுத்ததை எதிர்த்து, பணி நிரந்தரம் கேட்டு, தூய்மைப் பணியாளர்கள் முதல் தேதியிலிருந்து அந்த நடைபாதையில் உட்கார்ந்திருந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். வெயிலிலும் மழையிலும் அங்கேயே சாப்பாடு, அங்கேயே தூக்கம். அனுமதியில்லாத இடம், அப்புறப்படுத்துங்கள் என்றது உயர்நீதிமன்றம். 13-ஆம் தேதி நள்ளிரவில் போலீஸ் அவர்களைக் குண்டுக்கட்டாகத் தூக்கி பஸ்ஸில் ஏற்றியது. மறுநாள் அமைச்சரவை கூடி அவர்களுக்குச் சலுகைகளை அறிவித்தது. அதிலே ஒன்று, இலவசக் காலை உணவு. வேலை கேட்டவர்களுக்கு டிபன்!

அதற்கு ஒன்பதாம் நாள் பிறந்தநாள் கொண்டாட்டம். கொரோனா காலத்தில் இதே பெண்களுக்கு மாலை போட்டோம், காலில் விழுந்தோம், கைதட்டினோம், அதையும் படம் எடுத்தோம். நமக்கு எதையும் படம் எடுக்கத் தெரியும்.

தி.நகருக்கும் நடை உண்டு. பழைய பங்களா, பாண்டி பஜார், எந்த நடிகர் எந்த வீட்டில் இருந்தார் என்கிற புராணம். நிற்கிற இடம் ஏரி என்பதை மட்டும் போகிறபோக்கில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். 1920-களில் மாம்பலம் ஏரியை வற்றவைத்து, மனை பிரித்து, தியாகராய நகர் என்று பெயர் வைத்தார்கள். வெள்ளைக்காரன் காலத்து வழக்கத்தை விட்டுவிடுவோமா? நுங்கம்பாக்கம் ஏரியைத் தூர்த்த இடத்தில் 1976-இல் வள்ளுவர் கோட்டம் எழுந்தது. நீரின்றி அமையாது உலகு என்றவருக்கு ஏரியைக் கொன்று கோட்டம் கட்டிய பெருமை நம்மைத் தவிர எவருக்கும் வராது. இன்றைக்கும் மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது. ஏரியைப் பார்க்க வேண்டுமா? நவம்பரில் வாருங்கள். உஸ்மான் ரோட்டிலேயே வந்து நிற்கும்.

பக்கிங்காம் கால்வாயில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கிற பகுதியை வெட்டியது 1877-78 பெரும்பஞ்சத்தின்போது. பட்டினியில் எலும்பும் தோலுமாகச் சென்னைக்கு வந்து விழுந்தவர்களை மண்வெட்ட விட்டார்கள். பெயர் மட்டும் கவர்னர் பக்கிங்காம் பிரபுவுடையது. நூற்றிச் சொச்சம் வருஷம் கழித்து, பறக்கும் ரயிலின் தூண்களை அந்தக் கால்வாய்க்குள்ளேயே இறக்கினோம். திருமயிலை நிலையத்தின் படியில் நின்று குனிந்து பாருங்கள்: தண்ணீர் இருக்க வேண்டிய இடத்தில் கான்கிரீட் கால், அந்தக் காலைச் சுற்றிக் கறுப்புச் சேறு, சேற்றில் மிதக்கும் தெர்மாகோல். நீர்வழியில் சர்க்கார் தூண் நட்டால் திட்டம். அதே கரையில் ஓர் ஏழை கம்பு நட்டால் ஆக்கிரமிப்பு. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் அரசு நிறுவனங்கள் வந்தன, ஐ.டி. கட்டடங்கள் வந்தன, மாநகராட்சியே குப்பைமேடு வைத்தது. ஒருவரையும் ராத்திரியோடு ராத்திரியாக லாரியில் ஏற்றவில்லை. 2022-இல் மிச்சம் மீதிக்கு ராம்சர் பட்டம் வாங்கி, அதற்கும் கைதட்டிக்கொண்டோம்.

கூவத்தோரத்தில் இருந்தவர்களைத்தான் ஏற்றினார்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு ஏற்றுகிறவர்களுக்கு ஒரு காரணமும் கிடைத்தது: உங்கள் உயிரைக் காப்பாற்றத்தான் அப்புறப்படுத்துகிறோம். காப்பாற்றிக் கொண்டுபோய் விட்ட இடங்களில் ஒன்று பெரும்பாக்கம். மழைக்காலத்தில் அங்கே போய்ப் பாருங்கள், ஏன் சிரிப்பு வருகிறது என்று தெரியும்.

மெரினாவுக்கு வருவோம். 1884-இல் கவர்னர் கிராண்ட் டஃப் பெயர் வைத்த கடற்கரை. ராய் சௌத்ரி வடித்த உழைப்பாளர் சிலை, நான்கு பேர் பாறையை நெம்புகிறார்கள், அதற்கு முன்னால் எல்லோரும் செல்ஃபி. அந்த நான்கு பேரும் வெண்கலம் என்பதால் பிழைத்தார்கள். சதையும் ரத்தமுமான உழைப்பாளி இந்தக் கடற்கரையில் பட்ட பாடு வேறு. 1985-இல் கடற்கரையை அழகுபடுத்துவதற்காக மீனவர்களின் கட்டுமரத்தையும் வலையையும் அள்ளினார்கள். எதிர்த்தவர்கள்மீது போலீஸ் சுட்டது, மீனவர்கள் செத்தார்கள். 2023 ஏப்ரலில் நொச்சிக்குப்பம் லூப் ரோட்டில் மீன்கடைகளால் போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று கடைகளை எடுத்தார்கள். குப்பத்து மணலில் ரோட்டைப் போட்டுவிட்டு, ரோட்டுக்குக் குப்பம் இடைஞ்சல் என்கிறோம். அன்று போராட்டத்தில் மீனைச் சாலையில் கொட்டினார்கள். அதே சாலையில் வஞ்சிரம் வாங்கி வளர்ந்தவர்கள் காரை ஓரங்கட்டிவிட்டு, டிராபிக் ஜாம் என்று சலித்துக்கொண்டார்கள்.

வடசென்னை இந்த நடைகளின் வரைபடத்தில் பெரும்பாலும் துறைமுகத்தோடு முடிந்துவிடும். எண்ணூருக்கு யார் போவார்கள்? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து கழிமுகத்தை மூடியது. மீனவர்கள் கையாலும் மக்காலும் அள்ளினார்கள். எண்ணெய் காய்வதற்குள் அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, பெரியகுப்பத்து ஜனங்கள் குழந்தை குட்டிகளோடு ஓடினார்கள். பாரம்பரியம் ஏதும் இல்லாத இடம், பாவம். திண்ணைத் தூணும் இல்லை, நல்ல காபியும் கிடைக்காது.

மெரினாவில் இன்னொரு சிலை இருக்கிறது. கையில் சிலம்போடு கண்ணகி. 2001 டிசம்பரில் லாரி மோதியதாகச் சொல்லி அதை எடுத்தார்கள். தமிழ்நாடே கொந்தளித்தது. கவிஞர்கள் கொதித்தார்கள், கட்சிகள் கொடி பிடித்தன, 2006-இல் ஆட்சி மாறியதும் சிலை பழைய இடத்துக்கே திரும்பி வந்தது. நல்ல விஷயம்தான். ஆனால் சிலையை எடுப்பதற்கு ஒரு வருஷம் முன்பே, 2000-இலிருந்தே, ஊரின் நடுவிலிருந்து மனிதர்களை எடுத்து ஒக்கியம் துரைப்பாக்கத்தில் கொட்டத் தொடங்கியிருந்தார்கள். அந்த இடத்துக்கு வைத்த பெயர் கண்ணகி நகர். முதலில் கட்டிய வீடுகள் 200 சதுர அடிகூட இல்லை. வேலை பழைய இடத்தில், பள்ளிக்கூடம் பழைய இடத்தில், வீடு ஏறக்குறைய இருபது கிலோமீட்டர் தள்ளி. நீதி கேட்டு ஒரு நகரத்தை எரித்தவளின் பெயரை, நீதி மறுக்கப்பட்டவர்களின் குடியிருப்புக்கு வைக்க எவ்வளவு துணிச்சல் வேண்டும்! சிலையை மீட்க ஓர் ஆட்சி போதுமாக இருந்தது. நகரை மீட்க எந்த ஆட்சியும் பேச்சைக்கூட எடுக்கவில்லை. மனிதர்களை எடுக்கிற வேலையை மாறி மாறி ஆண்ட இரண்டு கட்சிகளும் ஒற்றுமையாகச் செய்தன. இந்த மாநிலத்தில் அவர்கள் ஒற்றுமையாகச் செய்த காரியங்கள் ரொம்பக் கொஞ்சம்.

2020-இல் அந்தச் சுவர்களுக்கு விமோசனம் வந்தது. ஓவியர்கள் வந்து நாலு மாடி உயரத்துக்கு முகங்களை வரைந்தார்கள், ஊருக்குக் கலை வட்டாரம் என்று பட்டம் சூட்டினார்கள். ஓவியங்கள் அழகு, அதில் சந்தேகமில்லை. தங்கள் தெருவை யாரோ ஆசையாகப் பார்க்கிறார்கள் என்று அங்குள்ள பிள்ளைகளுக்குச் சந்தோஷமும் இருந்திருக்கும். பிறகு கேமராவோடு நம் ஆட்கள் கிளம்பினார்கள். யாரைக் கண்ணில் படக்கூடாது என்று ஊருக்கு வெளியே தள்ளினோமோ, அவர்களையே பார்க்க இப்போது வண்டி எடுத்துக்கொண்டு போகிறோம். சுவரில் சிரிக்கிற முகம் எடுப்பாக இருக்கிறது. அதற்குக் கீழே குடத்தோடு வரிசையில் நிற்கிற முகம் பிரேமைக் கெடுக்கிறது, கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லலாம். தள்ளி நிற்பது அவர்களுக்குப் பழக்கம்தானே.

எனக்கு ஒரு யோசனை. அடுத்த ஆகஸ்டில் கூவத்தோரச் சிந்தாதிரிப்பேட்டை நடைக்குக் கண்ணகி நகர்ப் பெண் ஒருவரை வழிகாட்டியாகப் போடுங்கள். எந்தக் கல் எந்தக் கவர்னர் வைத்தது என்று அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். ஆனால் கூவத்தில் எந்த வருஷம் தண்ணீர் எந்தப் படிவரை ஏறியது, எந்தக் கடையில் கடன் கொடுப்பார்கள், எந்த வீட்டில் எத்தனை மணிக்குப் பாத்திரம் தேய்க்கப் போக வேண்டும், லாரி எந்த முனையில் நின்றது, சாமான் எடுக்க எவ்வளவு நேரம் கொடுத்தார்கள் என்பதெல்லாம் தேதிவாரியாகச் சொல்வார். ஸ்பீக்கர் தேவைப்படாது, குரல் நன்றாகவே கேட்கும். கட்டணத்தை அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள். ஒரே ஒரு சிக்கல் உண்டு. வேலைக்குச் சேர்க்கும்போது முகவரிச் சான்று கேட்பீர்கள். அதில் கண்ணகி நகர் என்று இருந்தால் இந்த ஊரில் என்ன பதில் வரும் என்று அவருக்குத் தெரியும். அதனால் அவர் விண்ணப்பமே போடமாட்டார்.