9999999 இன் 1: எடையளவுத் துறைக்கு ஒரு விண்ணப்பம்

அனுப்புநர்: கிரிவலப் பாதைவாசி, அடி அண்ணாமலை.
பெறுநர்: சட்டமுறை எடையளவு கட்டுப்பாட்டு அதிகாரி அவர்கள், தமிழ்நாடு.
பொருள்: டிவி கேம் கேசட்டில் எண்ணிக்கைக் குறைவு – நடவடிக்கை கோருதல் தொடர்பாக.

ஐயா,

பிஸ்கட் பாக்கெட்டில் எடை குறைந்தால் வழக்குப் போடும் துறை தங்களுடையது. பௌர்ணமி இரவில் எங்கள் ஊர்ப் பாதையோரம் விற்கும் மஞ்சள் கேசட்டின் மேல் ‘9999999 இன் 1’ என்று அச்சடித்திருக்கிறது. விளையாட்டுக்கு ஒரு நிமிடம் என்று வைத்தாலும், உண்ணாமல் உறங்காமல் ஆடி முடிக்க 19 வருஷம் ஆகும். என் அக்கா மகன் மத்தியானத்துக்குள் முடித்துவிட்டு, “அவ்ளோதானா மாமா?” என்றான்.

தொழில் ரகசியம் இதுதான். 1985-இல் வந்த சூப்பர் மாரியோவில் 8 உலகம், உலகத்துக்கு 4 கட்டம், ஆக 32. மாரியோவை மூன்றாம் உலகத்தில் இறக்கிவிட்டால் அதற்கு ஒரு புதுப்பெயர். ஐந்தாவதில் இறக்கினால் இன்னொன்று. காண்ட்ரா என்ற கேமில் 30 உயிர் கொடுத்தால் அது தனி விளையாட்டு. ‘மாரியோ 14’ என்றும் ஒன்று உண்டு: வேறொரு ஜப்பானிய விளையாட்டின் நாயகன் கழுத்தில் மாரியோ தலை!

எங்கள் ஊரில் எண்ணிக்கை சொன்னால் சொன்னதுதான். மலையைச் சுற்றி அஷ்ட லிங்கம் என்றால் எட்டு. மாணிக்கவாசகர் திருவெம்பாவை பாடியது இங்கே என்பார்கள், பாட்டு 20. ஒரே பாட்டைச் சுருதி ஏற்றிப் பாடி 21 என்று அவர் கணக்குக் காட்டவில்லை.

தங்கள் 2011-ஆம் ஆண்டுப் பொட்டலப் பொருள் விதிகளின்படி, ஒரு பொட்டலத்தில் பல பொருள் இருந்தால் ஒவ்வொன்றின் பெயரும் எண்ணிக்கையும் மேலே இருக்க வேண்டும். பெயருக்கு அரை சென்டிமீட்டர் ஒதுக்கினாலும் ஸ்டிக்கரின் நீளம் 50 கிலோமீட்டர். கிரிவலப் பாதையோ 14 கிலோமீட்டர்தான். மலையை மூன்றரைச் சுற்று சுற்றும்.

கள்ளக் கேசட்டை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. காண்ட்ராவின் சொந்தக்காரரான கொனாமியே 2019-இல் ஒரு தொகுப்பு வெளியிட்டது. அதில் 10 விளையாட்டு. ‘சூப்பர் ப்ரோபோடெக்டர்’ என்பது அவற்றில் ஒன்று: மூன்றாம் காண்ட்ராவில் மனிதர்களை எடுத்துவிட்டு, ஐரோப்பாவுக்காக ரோபோக்களை வைத்தது. மூன்றாம் காண்ட்ராவும் அதே தொகுப்பில் இருக்கிறது. முதல் காண்ட்ராவோ மூன்று தடவை வருகிறது. பெரிய கம்பெனி செய்தால் அதற்குப் பெயர் ஆண்டுநிறைவுப் பதிப்பு.

எனவே துறையே ஒரு வகைப்பாடு வகுத்துத் தர வேண்டும். நடுவில் இறக்கிவிட்டது ‘துண்டு’. நிறம் மட்டும் மாறியது ‘சாயம்’. தலை மாறியது ‘ஒட்டு’. மிச்சமிருப்பதை மட்டும் ‘விளையாட்டு’ என்று அச்சிடலாம். இடம் நிறைய மிஞ்சும்.

அடுத்த பௌர்ணமிக்கு ஆய்வாளர் ஒருவரை அனுப்பி வைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். பழைய டிவியைக் கடை வாசலுக்கு நானே தூக்கி வருகிறேன். ஏ.வி. வயரை மட்டும் துறைச் செலவில் கொண்டுவரச் சொல்லவும்.

இப்படிக்கு,
எண்ணி ஏமாந்தவன்