வந்தாரை வாழவைக்கும் வாரியத்துக்கு

அனுப்புநர்: பாதரசம், பழைய தெர்மாமீட்டர் தொழிற்சாலை வளாகம், கொடைக்கானல்.

பெறுநர்: தலைவர் அவர்கள், தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், கிண்டி, சென்னை.

பொருள்: நிரந்தரக் குடியிருப்பு வழங்கியமைக்கு நன்றி – கூடுதல் சலுகைகள் கோருதல் – தொடர்பாக.

பார்வை: மண் கிலோ ஒன்றுக்கு 20 மில்லிகிராம் வரை அடியேன் தங்கலாம் என்ற தங்கள் அனுமதி.

ஐயா,

இடம் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குகிற ஜாதி நான் என்று தெரிந்தும் இடம் கொடுத்திருக்கிறீர்கள். நன்றி சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நான் இந்த ஊர்க்காரன் இல்லை. 1980களின் தொடக்கத்தில், நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுன் நகரில் வேண்டாமென்று மூடிய தெர்மாமீட்டர் ஆலை கொடைக்கானல் மலைக்கு இடம் பெயர்ந்தபோது, அதன் பிழைப்புக்காக வந்து சேர்ந்தேன். முதலில் பாண்ட்ஸ், பிறகு இந்துஸ்தான் லீவர். என்னைக் கண்ணாடிக் குழாயில் அடைத்து வெளிநாட்டுக்கு அனுப்பினார்கள். அங்கே யாருக்கோ காய்ச்சல் பார்த்தேன். உடையாமல் தப்பிய தெர்மாமீட்டர்கள் கப்பலேறின. உடைந்தவை உள்ளூரோடு தங்கின.

2001 மார்ச்சில் மூஞ்சிக்கல் பழைய இரும்புக் கடையில் மூட்டை மூட்டையாக என்னைப் பிடித்தார்கள். 7.4 டன் கண்ணாடிக் கழிவு என்றார்கள் பிடித்தவர்கள். கம்பெனிக் கணக்கு அதைவிடக் குறைவு. ஏழரைக்குச் சற்றுக் குறைந்ததால்தான் சனி என்னை விட்டுவிட்டார் போலும். ஆலைக்குப் பூட்டு விழுந்தது. 2003இல் 290 டன் கழிவோடு என் உறவினர்கள் பென்சில்வேனியாவுக்குக் கப்பலேறினார்கள். விசா நேர்காணலுக்கு யாரும் வரிசையில் நிற்கவில்லை.

நான் மண்ணில் இருந்ததால் தப்பினேன்.

என்னை வெளியேற்றுவது பெரிய வித்தை இல்லை, ஐயா. மண்ணைத் தோண்டிக் கழுவி, நான் ஒட்டிக்கொண்டிருக்கும் பொடிமண்ணைத் தனியே பிரித்துச் சூடேற்றினால் போதும். 357 டிகிரியில் நானே கொதித்து வந்துவிடுவேன். எந்த இடத்தில் கழுவுவதை நிறுத்தலாம் என்பதில்தான் என் தலையெழுத்து இருக்கிறது. முதலில் பேசப்பட்டது 10 மில்லிகிராம். வயிறு கலங்கியது. பிறகு நீரி என்ற சுற்றுச்சூழல் ஆய்வு நிறுவனம் கணக்குப் போட்டது, எண் 20க்கு ஏறியது. குடியிருப்பு நிலத்துக்கே இது போதுமாம். கம்பெனியின் தாய் நிறுவனத்து ஊரான பிரிட்டனில் 2009இல் வெளியிட்ட வழிகாட்டு அளவு, வீட்டு நிலத்தில் நான் தனிமமாக இருந்தால், கிலோவுக்கு 1 மில்லிகிராம்! அந்த நாட்டு மக்களுக்கு விருந்தோம்பல் போதாது.

அளவைக் கடுமையாக்கினால் மரங்களை வெட்ட வேண்டிவரும், சரிவில் மண் அரிக்கும் என்று சொன்னார்கள். பொய்யில்லை, மலைச்சரிவில் கண்டபடி தோண்டினால் மண் நிற்காது. ஆனால் பாம்பாறு சோலையின் தலைமேல் ஆலையைக் கட்டியபோது மரங்களின் நலம் ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. என்னை அப்புறப்படுத்தும் நேரம் பார்த்து எல்லாருக்கும் மரப்பாசம் பொங்கிவிட்டது. மண்ணை அரிக்கும் அதே மழைதான் மண்ணோடு என்னையும் அந்தச் சோலைக்குள் இறக்கிவிடுகிறது. அந்தப் பயணப்படியைக் கொடுப்பது யார் என்று மட்டும் தெளிவுபடுத்தினால் நலம்.

ஆலையில் வேலை பார்த்தவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. என்னை வெறுங்கையால் அள்ளியதாகச் சொல்பவர்கள் அவர்களில் உண்டு. உடம்பு கெட்டதற்கு நான் காரணமில்லை என்று கம்பெனி பல வருடம் எனக்காக வாதாடியது. சொந்தப் பிள்ளைக்குக்கூட இப்படி யாரும் வாதாட மாட்டார்கள். 2015இல் ஒரு சென்னைப் பெண் ராப் பாட்டுப் பாடி என் மானத்தை உலகமெங்கும் வாங்கினார். அடுத்த மார்ச்சில் 591 பேரோடு உடன்பாடு ஆனது. தொகையை வெளியே சொல்லவில்லை. மண்ணில் நான் எத்தனை மில்லிகிராம் என்பதைப் பகிரங்கமாக எழுதலாம், மனிதருக்கு எத்தனை ரூபாய் என்பது மட்டும் ரகசியம்.

இனி என் கோரிக்கைகள். நாளை இந்த நிலம் சுத்தமாகிவிட்டது என்று பலகை வைத்து ஊருக்கு ஒப்படைத்தால், பூங்காவோ விளையாட்டுத் திடலோ எது வந்தாலும், திறப்புவிழா அழைப்பிதழில் என் பெயரையும் சேர்க்க வேண்டும். குழந்தைகள் மண்ணில் விளையாடுவார்கள், நானும் அங்கேதான் இருப்பேன். அறிமுகம் இல்லாமல் பழகுவது நாகரிகமில்லை. மண்ணைச் சோதித்து 19.9 என்று எழுதிவிட்டால் நான் சட்டப்படி நல்லவன், 20.1 என்றால் குற்றவாளி. அந்த 0.2க்குள் திருந்திய என் கதையைப் பள்ளிப் பாடத்திலும் வைக்கலாம்.

கடைசியாக ஒன்று. மண்ணில் எனக்கு வரம்பு எழுதினீர்கள். நான் சும்மா கிடந்தாலே ஆவியாகிறவன். சேற்றுக்குள் போனால் அங்குள்ள நுண்ணுயிர்கள் என்னை மெத்தில் பாதரசம் என்று பெயர் மாற்றி மீனுக்குள் அனுப்பிவைக்கும். புதுப் பெயருக்கும் தனி அனுமதி வாங்க வேண்டுமா, பழைய அனுமதியே செல்லுமா என்று பதிலில் குறிப்பிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நிழலில் வாழும்
பாதரசம்

நகல்: பாம்பாற்று வழியில் கீழே வசிக்கும் மீன்களுக்கு – தகவலுக்காகவும் தக்க நடவடிக்கைக்காகவும்.